எட்டுக்குச் சிவப்பு

எங்கள் தெருவில் அப்பாவுக்கு நம்பர்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "சார், அடுத்த லாட்டரியில எந்த நம்பர் விழும்னு சொல்வீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா மேசையிலிருந்த பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "விழுந்த நம்பரைத் தூக்கி நிறுத்தறதுதாங்க என் வேலை. விழப்போறது எனக்குத் தெரியாது" என்றாராம். வந்தவர் அதிலும் ஏதோ சூசகம் இருப்பதாக நினைத்து லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

அப்பாவின் வேலை அதுதான். பழைய கேமராக்களில் எண்ணும் எழுத்தும் அச்சடித்தவை அல்ல. உலோகத்தில் வெட்டி, அந்தப் பள்ளத்தில் பெயிண்ட் நிரப்பியிருப்பார்கள். வருஷக்கணக்காக விரல் பட்டுப் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்துவிடும். அழுக்கு ஏறிவிடும். எட்டு எது, மூன்று எது என்று தெரியாது. அப்பா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஊறவைத்து, கூராகச் சீவிய பல்குச்சியால் பள்ளத்திலிருக்கும் அழுக்கை எடுப்பார். விளக்கைச் சாய்த்து வைத்து, நிழல் விழும் இடத்தை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிப்பார். பள்ளமே தேய்ந்திருந்தால், பிடி போட்ட ஊசியால் பழைய தடத்திலேயே மெல்ல ஆழப்படுத்துவார். பிறகு பெயிண்டை நிரப்பி, அது பாதி இறுகும்வரை காத்திருந்து, விரலில் இழுத்துச் சுற்றிய துணியால் ஒரே துடைப்பு. எழுத்தின் போக்கில் துடைத்தால் பெயிண்டும் கூடவே வந்துவிடும், குறுக்கேதான் துடைக்க வேண்டும். கடைசியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடிவிடுவார், தூசி விழாமல் இருக்க. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் கிடைக்காது. எல்லாம் கவிழ்ந்தே இருக்கும்.

அப்பா இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. தாத்தா ரயில் ஓட்டியவர். மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். அப்பா பரீட்சையில் தேறி, கடைசியாக உடம்புப் பரிசோதனைக்குப் போனார். அங்கே டாக்டர் புள்ளி புள்ளியாக வண்ணம் தெளித்த அட்டைகளைக் காட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னார். அப்பாவுக்குப் புள்ளிகள் தெரிந்தன. எண் தெரியவில்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. சிக்னலில் நிற்கவா போகவா என்று தெரியாதவர் கையில் யார் ரயிலைக் கொடுப்பார்கள்?

வேலை போனது பெரிதில்லை. காரணம் வெளியே தெரிந்தால் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பதுதான் தாத்தாவின் கவலை. "அந்த டாக்டர் லஞ்சம் கேட்டான். எம் புள்ளைக்கு வேலையே வேண்டாம், போடான்னு வந்துட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் தாத்தாவை நேர்மையின் சிகரம் என்று புகழ்ந்தார்கள். பாவம், அந்த டாக்டர் யாரிடமும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் என்று அப்பா பிற்பாடு சொல்லி வருத்தப்படுவார்.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அப்பாவின் அக்கா, என் அத்தை. அத்தைதான் அப்பாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பாள். எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் நீலம். சாலை சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, "வாயைத் திறந்துடாதேடா தம்பி. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாளாம். கல்யாணம் ஆயிற்று. நானும் பிறந்தேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

எங்கள் வீட்டு முன் அறையில் ஜன்னலுக்கு ஒரு பக்கம் அப்பாவின் மேசை, மறு பக்கம் அம்மாவின் தையல் மெஷின். இரண்டு பேருக்கும் அந்த ஒரு ஜன்னல் வெளிச்சம்தான். யார் தலை யாருக்கு மறைக்கிறது என்று தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். பஜாரில் கேமரா பழுதுபார்க்கும் கடைக்காரர் தேய்ந்த சாமான்களை அப்பாவுக்கு அனுப்புவார். பெரும்பாலும் வெள்ளை எழுத்து. அதில் அப்பாவுக்குக் கஷ்டமே இல்லை. மஞ்சளும் நீலமும் தெரியும். வம்பு செய்வது சிவப்பும் பச்சையும்தான். நகப்பூச்சு தீர்ந்த குட்டி பாட்டில்களில் பெயிண்டை ஊற்றி, ஒரு சோப்புப் பெட்டியில் வரிசையாக வைத்திருப்பார். இடமிருந்து மூன்றாவது சிவப்பு, நான்காவது பச்சை. பெயர் எழுதி ஒட்டியிருக்கலாம். ஆனால் கண் இருக்கும்போது பெயர் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் ஒட்டவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர், அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வோம், கரைக்கு வந்திருந்தபோது தன் லென்ஸைக் கொண்டுவந்தார். அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எட்டுக்குச் சிவப்பு, ஐந்து புள்ளி ஆறுக்குப் பச்சை. பக்கத்து வளையத்தில் அதே நிறங்களில் கோடுகள். நீங்கள் எந்த எண்ணில் வைக்கிறீர்களோ, அந்த நிறக் கோடுகளுக்குள் இருக்கும் தூரம்தான் படத்தில் தெளிவாக விழும். கோடுகள் நன்றாக இருந்தன, எண்கள்தான் தேய்ந்துவிட்டன. "அழகாப் பண்ணிக் கொடுங்க. ரெண்டு நாள்ல கப்பல் கிளம்புது" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கென்று அம்மா வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தாள். பிசுக்கேறிய சோப்புப் பெட்டியைக் கழுவி, பாட்டில்களைத் துடைத்து, பளபளவென்று திரும்ப அடுக்கினாள். அடுக்கும்போது மூன்றாவது நான்காவது ஆயிற்று.

கப்பல்காரர் வந்து லென்ஸை வாங்கி, "புதுசு மாதிரி இருக்கே!" என்று பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, அந்த எட்டு முன்னாடி சிவப்பாத்தானே இருந்துச்சு? இப்ப பச்சையா மாத்திட்டீங்களே, அவர் கேட்டாரா?"

அப்பா எழுந்தார். செருப்பைக் காலில் மாட்டினார், ஒன்று அவருடையது, ஒன்று அம்மாவுடையது, அப்படியே ஓடினார். பஸ் பிடித்துத் துறைமுகம் போயிருக்கிறார். வாசல் காவலர் உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தபோது ஏணியை ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கப்பல் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டுக்கு வந்த அப்பாவை அந்தக் கோலத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "யாரு உன்னை என் மேசையைத் தொடச் சொன்னது?" என்று கத்தினார். அம்மா திகைத்துப் போனாள்.

"அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். அது ஒரு குத்தமா? பாட்டில் எங்கே இருந்தா என்ன, உள்ளே என்ன இருக்குன்னு பாத்து எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தாள். பிறகு மெஷின் பெட்டியிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து இரண்டு கையிலும் பிடித்து நீட்டினாள்.

"இதுல எது சிவப்பு?"

எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் நான் குதித்துக்கொண்டு போய், "இது! இதுதான்மா! நான்தான் ஜெயிச்சேன்!" என்று அம்மாவின் வலது கையைப் பிடித்தேன். அப்பாவைத் தோற்கடித்த சந்தோஷத்தில் நான் கைதட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மற்ற இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அம்மா.

"பொறந்ததுலேர்ந்து."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அப்பாவுக்கு. அக்காவுக்கு."

அம்மா நூல்கண்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். "உங்க கண்ணு எப்படி இருந்தா எனக்கென்னங்க? அதுக்காகவா நான் உங்களை வேண்டாம்னிருப்பேன்? உங்க வீட்டுல எல்லாருமாச் சேர்ந்து என்னை மட்டும் வெளியில நிக்க வெச்சுட்டீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு இருந்தது, ஆனால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. 'சாப்பாடு ஆச்சா', 'குழந்தையைக் கூட்டிட்டு வந்தாச்சா' என்ற அளவில். கடைக்காரர் வண்ண எழுத்துள்ள சாமான் அனுப்பினால் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கும் கேட்க வாய் வரவில்லை.

விஷயம் தெரிந்து அத்தை வந்தாள். உள்ளே வந்ததும் உட்காராமலே சொன்னாள். "அவனை ஒண்ணும் சொல்லாதே. சொல்லாதேன்னு சொன்னவ நான். கல்யாணம் நின்னுடுமோன்னு பயம்."

"நின்னிருக்காது அண்ணி."

"அதை நீ இப்ப சொல்றே."

அதைப் பற்றி அம்மா வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னாள்: "அண்ணி சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா எங்க அப்பா என்ன பண்ணியிருப்பாருன்னு எனக்கே தெரியலை. நான் என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியலை. அது தெரியாமப் போச்சேங்கறதுதான் என் கோவம். யோசிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம்."

கப்பல்காரர் திரும்பி வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. கையில் ஒரு கவர் நிறையப் படங்கள். அவற்றை மேசைமேல் கொட்டினார். கப்பல் ஆட்கள் வரிசையாக நிற்கும் படங்கள். நடுவில் நிற்பவர்கள் பளிச்சென்றும், ஓரத்தில் முன்பின் தள்ளி நிற்பவர்கள் ஆவி போலவும் இருந்தார்கள்.

"பாருங்க. எல்லாம் கோட்டைப் பாத்து, தூரம் வெச்சு எடுத்ததுதான். ஆனா இப்படி வருது. லென்ஸ்ல ஏதாவது கோளாறான்னு பாருங்களேன்."

அப்பா படங்களைப் பார்த்தார். லென்ஸைக் கையில் எடுத்தார். ஈரம் உள்ளே போய்விட்டது, உப்புக்காற்று என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பெயிண்டை மாற்றிப் பூசிக் கொடுத்திருந்தால் முடிந்தது கதை. அம்மா மெஷினை மிதிப்பதை நிறுத்தாமல் இருந்தாள். ஆனால் ஊசியின் கீழே துணி இல்லை. அதை நான் பார்த்தேன்.

"லென்ஸ்ல ஒண்ணும் இல்லீங்க. கோளாறு எங்கிட்டதான்" என்றார் அப்பா. "எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது. எட்டையும் அஞ்சு புள்ளி ஆறையும் நிறம் மாத்திப் போட்டுட்டேன். நீங்க தப்பான கோட்டைப் பாத்து எடுத்திருக்கீங்க."

வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கப்பல்காரருக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் குதித்தார். "யோவ்! என் கண்ணுல கோளாறுன்னு நினைச்சுக் கண்ணாடி வாங்கிப் போட்டுட்டேன்யா! கண்ணு தெரியாதவர் கையிலயா என் லென்ஸைக் கொடுத்தேன்?"

மெஷின் நின்றது. அம்மா திரும்பினாள்.

"கண்ணு தெரியாதவர்னு சொல்லாதீங்க. உங்க எட்டுல தேஞ்சு போன பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடிச்சது அந்தக் கண்ணுதான். ரெண்டு நிறம் பிரியாது, அவ்வளவுதான். அதைப் பாக்க நான் இருக்கேன். உக்காருங்க, சரிபண்ணித் தர்றோம்."

'தர்றோம்' என்றாள். அப்பா தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அன்று இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அப்பா எண்களைச் சுத்தம் செய்தார். அம்மா பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பெயிண்ட் அன்றே முழுதாகக் காயாது, மறுநாள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியும் கப்பல்காரர் நகரவில்லை. கோபம் தணிந்து, டீ குடித்து, கடைசியில் அவரே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். கண்ணாடி போட்டதிலிருந்து பருப்பில் கிடக்கும் கல் தெளிவாகத் தெரிகிறதாம். இந்தப் பயணத்தில் ஒருவருக்கும் பல் உடையவில்லையாம். "கேப்டனே பாராட்டினார். அதனால உங்களை மன்னிச்சேன்" என்றார்.

மன்னித்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைக்காரர் வண்ண எழுத்துச் சாமான் அனுப்புவதை அடியோடு நிறுத்தினார், அம்மா இருக்கிறாள் என்று சொல்லியும் கேட்கவில்லை. இன்று வரை அவரிடமிருந்து வெள்ளை எழுத்து மட்டும்தான் வருகிறது. ஆனால் வேறு ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்களிடம் அப்பா முதலிலேயே சொல்லிவிடுவார்: "எழுத்து என்னோடது, நிறம் அவங்களோடது. சம்மதம்னா கொடுத்துட்டுப் போங்க." சிலர் போய்விடுவார்கள். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

அம்மா உடனே குளிர்ந்துவிடவில்லை. "நிறம் பாத்துச் சொல்லத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று எப்போதாவது குத்துவாள். தன் தையல் வேலை முடிந்த பிறகுதான் வருவாள், நடுவில் கூப்பிட்டால் வரமாட்டாள். பாட்டில்களில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். கொஞ்ச நாளில் அவளே பெயிண்ட் நிரப்பவும் கற்றுக்கொண்டாள். பழைய சிவப்போடு புதுச் சிவப்பு ஒத்துப்போக ஒரு துளி கறுப்பு கலப்பது, வெயிலில் வெளுத்த பச்சைக்குக் கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பது எல்லாம் அவள் கைவரிசை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஓரத்துல வழிஞ்சிருக்கு பாரு" என்பார். "நிறத்தைப் பத்திப் பேசாதீங்க" என்பாள் அவள். "நான் நிறத்தைச் சொல்லலை, வழிஞ்சதைச் சொன்னேன்" என்பார். இதுதான் நான் கேட்டு வளர்ந்த பாட்டு.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்த்தவர்தான் மாப்பிள்ளை, அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அவங்க வீட்டுல முதல்ல அப்பா கண்ணைப் பத்திச் சொல்லணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

கண் டாக்டர் எங்களுக்கு விளக்கியிருந்தார். எனக்கு நிறம் எல்லாம் தெரியும். ஆனால் அப்பாவிடமிருந்து அது எனக்குள் வந்திருக்கிறது. எனக்கு மகன் பிறந்தால் அவனுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அத்தை பதறினாள். "எதுக்கு வலியப் போய்ச் சொல்லணும்? பொறக்காத பிள்ளைக்கு இப்பவே பேர் வெக்கறீங்களே." அப்பா அவளைத் தடுத்தார். "இல்லக்கா. இந்தத் தடவை சொல்லிடலாம்."

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். டீ வந்தது. அப்பா கோப்பையைத் தொடாமல், ரயில் பரிசோதனையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த டாக்டர் லஞ்சம் கேட்கவில்லை என்பதையும் மறக்காமல் சொன்னார். அவர் முடித்ததும், "எங்க வீட்டுல எல்லாரும் குறட்டை விடுவோம். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார் மாப்பிள்ளை. நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அது இருக்கட்டுங்க. உங்களுக்கு எல்லாம் எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்களேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. "எப்படின்னா?"

"செடி, பூ, வானம். என்னவாத் தெரியும்?"

அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. என்ன தெரியாது என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இது சிவப்பா, அது பச்சையா என்று சோதித்துப் பார்த்திருக்கிறோம், நானும்தான். அப்பா பேச ஆரம்பித்தார்.

"செடியில தக்காளி எங்கே இருக்குன்னு எல்லாரும் சட்டுனு கை நீட்டுவாங்க. நான் இலையை விலக்கி, உருண்டையா எது இருக்குன்னு பாத்துத்தான் கண்டுபிடிப்பேன். சாயங்கால வானம் சிவந்திருக்குங்கறாங்க. எனக்கு அது மஞ்சள்லேர்ந்து நேரா நீலத்துக்குப் போயிடும். நடுவுல ஏதோ இருக்குதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. சின்ன வயசுல எங்கக்கா விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா. சேறுன்னு நினைச்சு நான் தேச்சுத் தொடச்சு விட்டேன். அவ அலறிட்டா. அன்னிக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது, தம்பிக்கு ரத்தமும் சேறும் ஒண்ணுன்னு. எனக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அம்மா கோப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை ஏன் அத்தனை வருஷம் அவரைப் பொத்திப் பொத்தி வைத்தாள் என்பதை அவளும் இப்போதுதான் கேட்கிறாள் என்று அவள் முகமே சொல்லியது. பிறகு, சபை என்றும் பாராமல் கேட்டுவிட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு நான் கட்டியிருந்த புடவை?"

"ஈர மண்ணு மாதிரி" என்றார் அப்பா. "மழை பெஞ்சு முடிஞ்சா இருக்குமே, அந்த மாதிரி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அரக்குச் சிவப்புங்க அது! கடை கடையா ஏறி இறங்கி எடுத்தது!"

இந்தத் தடவை மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். கல்யாணப் பேச்சு அதற்கப்புறம் தானாக நடந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன் இருக்கையில் இடம் கிடைத்தது, நான் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா ஜன்னலோரம். வெளியே கையைக் காட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் கதவு எப்படித் தெரியுது? அந்த மரம்? அந்தப் பொண்ணு பிடிச்சிருக்கற குடை? சரியா தப்பா என்று அவள் சொல்லவே இல்லை. அப்பா ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துப் பதில் சொன்னார். சிக்னலில் பஸ் நின்றபோது நின்ற வண்டிகளைப் பற்றியெல்லாம் கேட்டாள். எங்கள் நிறுத்தம் வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.